வரிசையில் கடைசியாக நின்றவர்கள்

2007 செப்டம்பர் 14, ரமலானின் முதல் வெள்ளிக்கிழமை. அப்போது நான் லண்டனில் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜும்ஆவுக்காக அலுவலகத்திலிருந்து இறங்கி மூர்கேட் தெரு வழியே நடந்தபோது, நார்தர்ன் ராக் வங்கிக் கிளையின் வாசலிலிருந்து நடைபாதை நெடுகிலும் ஒரு வரிசை நின்றிருந்தது. பெரும்பாலோர் வயதானவர்கள். ஒருவர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். இரண்டு பெண்கள் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிப் பகிர்ந்துகொண்டிருந்தனர். கூச்சலோ தள்ளுமுள்ளோ இல்லை. பேருந்துக்கு நிற்பதைப் போலவே தங்கள் வாழ்நாள் சேமிப்புக்கும் அமைதியாக நின்றிருந்தார்கள்.

அந்த வங்கி இங்கிலாந்து வங்கியிடம் அவசர உதவி கேட்டிருக்கிறது என்ற செய்தியை முந்தைய இரவு பிபிசி வெளியிட்டிருந்தது. 1866க்குப் பிறகு பிரிட்டன் இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை என்று நாளேடுகள் எழுதின. நான் நோன்பின் களைப்போடும், நோன்பாளிக்கென்றே வந்து சேரும் ஒருவகைப் பெருமிதத்தோடும் அந்த வரிசையைக் கடந்து சென்றேன். வட்டியின் மேல் கட்டிய வீடு இப்படித்தான் சரியும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

2014இல் ஊர் திரும்பியதும், வெளிநாட்டில் கணக்கு எழுதியவன் என்ற ஒரே தகுதியை வைத்து, எங்கள் மஹல்லாவின் வட்டியில்லாக் கடன் நிதிக்கு என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். உறுப்பினர் சேர்க்கும் கூட்டங்களில் மூர்கேட் வரிசையை நான் தவறாமல் விவரிப்பேன். வட்டி வாங்கும் வங்கிகள் பயந்த மக்களால் கவிழ்கின்றன. நம் நிதியில் வட்டியும் இல்லை, அதனால் அந்தப் பயமும் இல்லை என்று முடிப்பேன். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். சிலர் அன்றே பணமும் கட்டினார்கள்.

என் தங்கையின் மகள் சென்னையில் பொருளியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெருநாள் விருந்தில் என் மூர்கேட் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது மாமா" என்றாள். இரண்டு நாள் கழித்து ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்பினாள். நார்தர்ன் ராக் வீழ்ச்சி பற்றி ஹியூன் சொங் ஷின் 2009இல் எழுதியது.

ஷின் தென்கொரியாவில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2014இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கியில் பொருளியல் ஆலோசகராகச் சேர்ந்து அதன் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கி என்று அந்த அமைப்பைச் சொல்வார்கள். வங்கிகள் ஏன் தடுமாறுகின்றன, ஒன்றின் தடுமாற்றம் மற்றவற்றுக்கு எப்படிப் பரவுகிறது என்பதே பல ஆண்டுகளாக அவருடைய ஆய்வுப் பொருள்.

அந்தக் கட்டுரை எனக்குச் சொன்ன செய்தி இதுதான்: நான் பார்த்த வரிசை அந்த வங்கியைக் கவிழ்க்கவில்லை. அவர்கள் வந்து நிற்பதற்கு முன்பே வங்கி கவிழ்ந்துவிட்டிருந்தது.

நார்தர்ன் ராக், உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டி உறுப்பினர்களுக்கே வீட்டுக்கடன் கொடுக்கும் சங்கமாக இருந்து, 1997இல் பங்குகள் விற்கும் வங்கியாக மாறியது. 1998இல் அதன் மொத்தச் சொத்து 17.4 பில்லியன் பவுண்டு. 2007 ஜூனில் 113.5 பில்லியன். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட கிளைகளை வைத்துக்கொண்டு பொதுமக்களிடம் அந்த அளவுக்குச் சேமிப்பைத் திரட்ட இயலாது. எனவே பெரிய நிதி நிறுவனங்களிடமிருந்து பணம் வாங்கியது. வீட்டுக்கடன்களைக் கட்டுக்கட்டாகப் பத்திரங்களாக்கி விற்றது. அதற்கும் மேலே குறுகிய காலக் கடன்களையும் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் பொறுப்புகளில் அறுபது விழுக்காடாக இருந்த பொதுமக்கள் வைப்பு, 2007இல் கால்பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

2007 ஆகஸ்ட் 9 அன்று பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி, அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களில் முதலீடு செய்திருந்த தன் மூன்று நிதியங்களிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்தி வைத்தது. நார்தர்ன் ராக்குக்கு அமெரிக்காவின் அந்த மோசமான கடன்களோடு ஏறத்தாழத் தொடர்பே இல்லை. ஆயினும் அன்றிலிருந்து அதற்குக் குறுகிய காலக் கடன் கொடுத்துவந்த நிறுவனங்கள் தவணை முடிந்ததும் புதுப்பிக்க மறுத்தன. அவை எந்தத் தெருவிலும் வரிசையில் நிற்கவில்லை. புதுப்பிக்காமல் விட்டாலே போதும், அது பணத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம். ஐந்து வாரம் இப்படி ஓசையின்றிக் கசிந்தபின்தான் வங்கி மத்திய வங்கியின் கதவைத் தட்டியது. அந்தச் செய்தி வெளியான மறுநாள் காலையில்தான் என் மடக்கு நாற்காலிக்காரர் வந்து நின்றார். காப்பாற்ற வந்த உதவியைப் பற்றிய செய்தியே அவரை வீட்டைவிட்டுக் கிளப்பியது.

அவர் வந்து நின்றது மடமையும் அன்று. அன்றைய பிரிட்டன் விதிப்படி முதல் 2,000 பவுண்டுக்கு மட்டுமே முழுக் காப்பீடு. அதற்கு மேல் 35,000 பவுண்டு வரை பத்தில் ஒன்பது பங்கு. அதற்கும் மேலே ஒன்றுமில்லை. திங்கட்கிழமை நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் எல்லா வைப்புகளுக்கும் அரசே பொறுப்பு என்று அறிவித்த பிறகு வரிசைகள் கலைந்தன. 2008 பிப்ரவரியில் வங்கியை அரசு எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சி எல்லாம் அந்தக் கிளைகளின் வாசல்களையே காட்டின; பொதுமக்கள் வைப்பிலேயே பெரும்பகுதி கிளை வழியாக வராமல் அஞ்சல், தொலைபேசி, இணையம் வழியாக வந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தவர்களின் தலையில் பழி விழுந்தது.

ஷின் இதில் யாரையும் கெட்டவர் ஆக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. நான் ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். கடன் கொடுத்த ஒவ்வொரு நிறுவனமும் ஆபத்து கூடியிருக்கிறது என்று கணக்கிட்டுத் தன் கடனைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறது. தன்னளவில் அது எச்சரிக்கை. எல்லாரும் ஒரே வாரத்தில் அந்த எச்சரிக்கையைக் கடைப்பிடித்தால், கடன் வாங்கியவனுக்கு அது கழுத்தில் விழும் சுருக்கு.

இதை விளக்க அவரும் யோன் டானியல்சன் என்ற பொருளியலாளரும் லண்டன் மிலேனியம் பாலத்தை எடுத்துக்காட்டினார்கள். நான் பலமுறை நடந்து கடந்த பாலம் அது. 2000 ஜூன் 10 அன்று திறந்தபோது கூட்டத்தின் நடையில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தி 2002இல்தான் மீண்டும் திறந்தார்கள். தனித்தனியே நடக்கும் ஆயிரம் பேர் தற்செயலாக ஒரே நேரத்தில் ஒரே பக்கம் கால் ஊன்றுவது நடக்கவே முடியாத காரியம் என்றுதான் தோன்றும். ஆனால் காற்றில் பாலம் சற்றே அசைந்தால், விழாமலிருக்க எல்லாரும் ஒரே கணத்தில் காலை மாற்றி ஊன்றுவார்கள். அந்த ஊன்றல் பாலத்தை மேலும் தள்ளும். அதற்காக மீண்டும் ஊன்றுவார்கள். பாலத்தில் நிற்கும் எவரிடமும் பிழை இல்லை. பாலம் மட்டும் ஆடுகிறது.

சுவையான கட்டுரை என்று தங்கை மகளுக்குப் பதில் எழுதினேன். அடுத்த கூட்டத்திலும் மூர்கேட் கதையைப் பழையபடியே சொன்னேன். அது வட்டி வங்கிகளின் கதை, நமக்கென்ன என்ற எண்ணம்.

எங்கள் நிதியின் கணக்கு எளியது. உறுப்பினர்கள் 212 பேர். அவர்கள் ஒப்படைத்திருந்த தொகை 41 லட்சம் ரூபாய். நகை ஈட்டின் பேரில் வட்டியின்றிக் கடனாகக் கொடுத்து, பத்து மாதத் தவணையில் திரும்ப வரவேண்டியது 31 லட்சம். மீதி 10 லட்சம் கையிருப்பு. உறுப்பினர் எந்த நாளும் வந்து தம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கடன் வாங்கியவரிடம் பத்து மாதத்துக்கு முன் நாம் கேட்க முடியாது. இந்த ஏற்பாட்டை என் கையாலேயே பதிவேட்டில் எழுதியவன் நான். நார்தர்ன் ராக்கின் ஏற்பாடும் இதுவேதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. வட்டியை எடுத்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். காலப் பொருத்தமின்மையை எடுக்கவில்லை. வங்கியில் போட்ட பணத்துக்காவது இந்தியாவில் 2020 முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. எங்களைப் போன்ற நிதிக்கு அதுவும் கிடையாது.

2022 மே மாதக் கடைசியில், ஈடாக வாங்கிய நகைகளில் ஒரு தொகுதி போலி என்று தெரியவந்தது. கடன் 1,20,000 ரூபாய். வாங்கியவர் ஊரிலேயே இல்லை. மொத்த வைப்பில் அது நூற்றுக்கு மூன்று கூடக் கிடையாது. நிர்வாகக் குழு ஏழு பேரும் அமர்ந்து, வெளியே சொன்னால் வீண் பீதி, நாமே மெல்லச் சரிசெய்வோம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவுக்கு முதல் ஆளாகக் கையுயர்த்தியவன் நான்.

அன்றிரவு என் மனைவியின் அண்ணன் வீட்டில் விருந்து. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மனச்சுமையைக் குறைத்துக்கொள்வதாக எண்ணி, மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அனுதாபத்தோடு கேட்டார். மறுநாள் பஜ்ர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் என்னைத் தனியே அழைத்து, "வீட்டு வேலை இருக்கு மாப்ள, என் ரெண்டரை லட்சத்தை எடுத்துக்கறேன்" என்றார். காசோலை எழுதிக் கொடுத்தேன். அவருடைய பணம், கேட்டால் கொடுக்கவேண்டியதுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த இரண்டு வாரத்தில் குழுவிலுள்ள இருவரின் உறவினர்கள் மூன்று லட்சமும் ஒன்றரை லட்சமுமாக எடுத்தார்கள். அவர்களும் வீட்டு வேலை, மகள் கல்யாணம் என்றார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயேது? பத்து லட்சம் மூன்று லட்சமானது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது சனிக்கிழமை காலை அலுவலகத்தைத் திறக்கப் போனபோது வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். முதலில் பத்துப் பேர். லுஹருக்குள் அறுபது பேர். வாட்ஸ்அப்பில் யாரோ குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள். பீடி சுற்றிச் சேர்த்தது, பேரப்பிள்ளைகளின் பெருநாள் காசு, சவூதியிலிருந்து மகன் அனுப்பியதில் மிச்சம் பிடித்தது, பத்தாயிரம், இருபதாயிரம். ஆளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் தர இயலாது என்று அறிவித்தேன். வரிசையின் நடுவில் ஒரு விதவைத் தாய் நின்றிருந்தார். அவர் கணக்கில் 22,000 ரூபாய். மகனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. இருபதாயிரம் வேண்டும் என்றார். வெயிலும் கூச்சலும் என் பொறுமையைத் தின்றிருந்தன.

"எல்லாரும் இப்படி ஒரே நாளில் வந்து நின்றால் எந்த நிதி தாங்கும் மாமி? நீங்கள்தான் இதைக் கவிழ்க்கிறீர்கள்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"பெரிய ஆளுங்கல்லாம் எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க தம்பி. அதனாலதான் வந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஏதோ தவறு செய்துவிட்டவரைப் போலச் சொன்னார். ஐயாயிரத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அஸருக்குள் பெட்டி காலி. பள்ளிவாசலுக்குப் போகாமல் அலுவலகத்திலேயே தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூர்கேட் தெரு நினைவுக்கு வந்தது. பதினைந்து ஆண்டுக்கு முன் யாரைப் பார்த்துப் பெருமிதப்பட்டேனோ அவர்கள்தாம் இன்றும் வெளியே நின்றார்கள். முன்கூட்டியே அறிந்து ஓசையின்றிப் போனவர்கள் அன்று நான் காணாத நிறுவனங்கள். இன்று என் சொந்த மச்சான். அவரைப் போக வைத்தவன் நான். வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் அந்தக் கட்டுரையைத் தேடியெடுத்து மறுபடி படித்தேன். முதல் முறை படித்தபோது ஆடும் பாலத்தை வெளியே நின்று பார்த்தேன். இம்முறை அப்படிப் படிக்க முடியவில்லை.

ஒன்றைமட்டும் ஷினிடமிருந்து நான் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறேன். பாலத்தில் நடப்பவரிடம் பிழையில்லை என்பது பாலத்துக்குப் பொருந்தும். அசையப்போகிறது என்று தன் உறவுக்கு மட்டும் காதில் சொன்ன காவல்காரனுக்கு அது பொருந்துமா என்பதை அவர் ஆராயவில்லை. அது பொருளியலின் வேலையும் இல்லை.

மறுநாள் குழுவைக் கூட்டி மச்சான் விவரத்தைச் சொன்னேன். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மற்ற இருவரும் தங்கள் உறவினர் விவரத்தைச் சொன்னார்கள். கணக்கு முழுவதையும், போலி நகை உட்பட, ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினோம். அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். வந்தது பதினோரு பேர். தவணைகள் வரவர, நான்கு மாதத்தில் கேட்ட எல்லாருக்கும் முழுத்தொகையும் கொடுத்து முடித்தோம்.

புதிய விதிகள் எழுதும்போது தங்கை மகள் இன்னொன்றையும் சொன்னாள். 2010இல் ஷின் கொரிய அதிபரின் ஆலோசகராக இருந்தபோது, எளிதில் ஓடிவிடக்கூடிய வெளிநாட்டுக் குறுகிய காலக் கடன்கள் மீது வங்கிகளுக்கு ஒரு தீர்வை விதிக்கும் திட்டத்தை வகுப்பதில் பங்கேற்றார். 2011இல் அது நடைமுறைக்கு வந்தது. ஓடும் இயல்புடைய பணத்தை அதிகம் நம்பியிருந்தால் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நாங்கள் தீர்வை விதிக்க முடியாது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொகையை எடுக்க முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், குழு உறுப்பினர்களும் அவர்களின் உறவினரும் என்றால் அறுபது நாள் என்று எழுதினோம்.

அமானிதத்தைக் கேட்டவுடன் கொடுக்காமல் தாமதிக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்கள் இமாம் சொன்ன பதில் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. அமானிதம் என்றால் அதை நாம் தொடவே கூடாது, வாங்கியபடியே வைத்திருக்கவேண்டும். நாம்தான் அதை எடுத்துப் பிறருக்குக் கடன் கொடுக்கிறோமே, ஆகவே அது உறுப்பினர்கள் நமக்குக் கொடுத்த கடன் என்றார். எட்டு ஆண்டாக ரசீதில் தவறான சொல்லை அச்சிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் பணத்தை ஒப்படைக்க வரும்போது, தொலைந்துவிட்டால் அவர்களுக்கு இழப்பாகிவிடுமே என்று, அதைத் தமக்குக் கடனாகத் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்ற செய்தி புகாரியில் இருக்கிறது. அவர்கள் மறைந்தபோது கடன் இருபத்திரண்டு லட்சம். மகன் அப்துல்லாஹ் (ரலி) அடைத்து முடித்த பிறகும் சொத்தைப் பங்கிடாமல், நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் நின்று, என் தந்தையிடம் கடன் வரவேண்டியவர் எவரும் இருந்தால் வாருங்கள் என்று அறிவித்தார்கள். இமாம் இதைச் சொன்னபோது நான் பலகையைத்தான் நினைத்துக்கொண்டேன். ரசீதில் சொல்லை மாற்றினோம். நிபந்தனையும் சேர்த்து எழுதி, பணம் கட்டும்போதே படித்துக்காட்டுகிறோம்.

மச்சான் தன் தங்கையின் வற்புறுத்தலால் ஒரு லட்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து கட்டினார். "என் காசைத்தானே நான் எடுத்தேன், இதில் என்ன குத்தம்" என்று இன்றும் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. விருந்துகளில் பழையபடி பேசிக்கொள்கிறோம், நிதியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அந்தத் தாய் மீதிப் பதினைந்தாயிரத்துக்குத் தன் காதுத் தோட்டை அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வைத்தார் என்பது எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. வட்டியில்லா நிதியின் வாசலிலிருந்து நேரே அங்கே போயிருக்கிறார். வட்டியை நான் கட்டுகிறேன் என்றேன், மறுத்துவிட்டார். தோட்டை அவரே மீட்டார். கணக்கை மூடவில்லை.

வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன் கையிருப்பு, கொடுத்த கடன், வராத தவணை மூன்றையும் பலகையில் எழுதுவது என் வேலை. சென்ற மாதம் காய்ச்சலில் ஒரு வெள்ளி எழுதாமல் விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்த வாரம் பலகையில எழுதலையே தம்பி?"

சட்டையை மாட்டிக்கொண்டு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவரும் கூடவே வந்து, நான் எழுதி முடிக்கும் வரை நின்றார்.